இருபது வீச்சில் கரைந்த ஒலி

அந்தப் பகுதியில் அவரை முத்திரையார் என்றுதான் அழைப்பார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் எடையளவு ஆய்வாளராக இருந்து, கடைத்தெருத் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தவற்றுக்கு முத்திரை குத்தியவர். இயற்பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. எந்தத் தராசையும் ஒரே முறை சோதித்து அவர் நம்பியதாகச் சரித்திரம் கிடையாது. காலையில் ஒரு முறை, வெயில் ஏறியபின் ஒரு முறை, கடைக்காரர் அசந்திருக்கும் வேளை பார்த்து மற்றொரு முறை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று மற்றவர்கள் வாயால் சொன்னார்கள். அவர் கையால் செய்து காட்டினார்.

"நாலு தக்காளி வாங்க அனுப்பினா, விசாரணைக் கமிஷன் வெச்சு முடிச்சுட்டுத்தான் வீடு திரும்புவாரு" என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புகார்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு அவர் தங்கம் தேடத் தொடங்கினார். பேராசை ஒன்றுமில்லை. சோதிப்பதற்கு ஏதேனும் ஒன்று இல்லாமல் கைகள் தினவெடுத்தன, அவ்வளவுதான். அதற்கு வழி காட்டியவர் மனைவியின் தம்பி. அவர் சொந்தமாகப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக். தண்ணீர்ப் பம்பு முதல் லாரி வரை எந்த எஞ்சினானாலும், நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். சற்று நேரம் கழித்து "மூணாவது வால்வு" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது வால்வாகத்தான் இருக்கும். அத்தகைய காதை வைத்துக்கொண்டு மண்ணுக்குள்ளும் கேட்டுப் பார்க்கலாமே என்று ஒரு மெட்டல் டிடெக்டரை வாங்கி, அத்தானையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்.

ஊருக்கு வெளியே செம்பாறைக் குன்றுகளுக்கிடையில் ஒரு வறண்ட ஓடை இருந்தது. ஆண்டுக்கொரு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, விடுமுறை நாட்களில் பத்துப் பதினைந்து பேர் அங்கே தேடுவார்கள். மாலையில் எல்லாரும் வண்டி நிறுத்துமிடத்துக் குழாயடியில் கூடி, கை கால் கழுவிக்கொண்டே அன்றைய ஏமாற்றங்களைப் பகிர்ந்துகொள்வார்கள். கிடைத்தவர் பேசமாட்டார், பேசுபவருக்குக் கிடைத்திருக்காது.

தங்கத்தைக் கேட்பதுதான் டிடெக்டரின் வேலை என்று வெளியாட்கள் நினைப்பது வழக்கம். உண்மையில் அதன் பாதி வேலை, மண்ணைக் கேளாமல் இருப்பது. செம்பாறை மண்ணில் இரும்புச் சத்து மிகுதி. கருவியின் வட்டத் தட்டை அதன்மேல் வீசினால், கீழே ஒன்றும் இல்லாதபோதே அது ஓலமிடும். ஆகவே முதலில் அந்த மண்ணைக் கருவிக்குப் பழக்கி, "இது வெறும் மண், இதைப் பொருட்படுத்தாதே" என்று சொல்லிவைக்க வேண்டும். நிலச் சமன் என்பது இதுதான். வெறும் தட்டில் பூஜ்யம் காட்டாத தராசில் நிறுப்பது எவ்வளவு அபத்தமோ, நிலச் சமன் இன்றித் தேடுவதும் அவ்வளவு அபத்தம் என்பதை முத்திரையார் முதல் நாளே புரிந்துகொண்டார்.

சமன் செய்ய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கையால் செய்வது. உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, தட்டை முழங்கால் உயரத்துக்கும் தரைக்குமாக ஏற்றி இறக்கி, இரு நிலையிலும் ரீங்காரம் ஒரே மாதிரி ஒலிக்கும்வரை ஒரு குமிழைத் திருக வேண்டும். அந்தச் சமன் அப்படியே நிற்கும். மண் மாறினால் மறுபடியும் செய்ய வேண்டும். மற்றது தானியங்கி. கருவியே மண்ணைத் தொடர்ந்து கவனித்து, அது மாற மாறத் தன்னைத் திருத்திக்கொண்டே வரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை முத்திரையார் ஒரே நாளில் முடிவு செய்துவிடவில்லை. மூன்று வாரங்கள், பதினான்கு இடங்கள், கோடு போட்ட நோட்டில் நான்கு பத்திகள். அந்த ஓடையில் பத்தடி சிவந்த சரளை, அடுத்த பத்தடி வெளிறிய களிமண். கைச் சமன் நிமிடத்துக்கொரு முறை அலறியது. தானியங்கியோ எங்கும் அமைதியாக இருந்தது. தானியங்கியே தக்கது என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டார்.

"இது ரொம்ப அமைதியா இருக்கே அத்தான். எஞ்சின் இப்படி இருந்தா நான் பயந்துடுவேன்" என்றார் மைத்துனர்.

"அமைதியா இருந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம், மச்சான்."

"நின்னுபோச்சுன்னும் அர்த்தம்."

முத்திரையார் நோட்டை மூடினார். இரட்டைக் கோடு போட்டபின் அவர் விவாதிப்பதில்லை.

மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன. கிடைத்தவை சில கடுகளவுத் துணுக்குகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். இருவருக்கும் அது சனிக்கிழமையின் அர்த்தமாக இருந்தது. பிறகு, இரண்டு மாதங்களுக்கு முன், அந்த நிகழ்ச்சி நடந்தது.

அன்று கருவி மைத்துனர் கையில் இருந்தது. இரண்டாகப் பிளந்த ஒரு பாறைக்கு அருகில் அவர் சட்டென்று நின்றார். இரண்டு மூன்று முறை வீசிப் பார்த்தார்.

"அத்தான், இங்க ஒண்ணு இருக்கு. மெல்லிசா, ஊசி மாதிரி வருது. வந்து கேளுங்க."

முத்திரையார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தமக்கே உரிய ஒழுங்குடன் வீசினார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், குறுக்கே, மூலைக்கு மூலை. ஒவ்வொரு வீச்சையும் எண்ணினார். ஒன்றும் கேட்கவில்லை. இருபது முடிந்ததும் கருவியைத் திருப்பிக் கொடுத்தார். மைத்துனர் அவசரமாக வாங்கி வீசினார். மறுபடி வீசினார். அவர் முகம் மெல்ல மாறியது.

"இப்ப எனக்கும் கேக்கல" என்றார்.

"இருந்தாத்தானே கேக்கும்?"

முத்திரையார் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். மாலையில் குழாயடியில், பழைய பேருந்து ஓட்டுநர் ஒருவர் வம்புக்கு இழுத்தார். அவருக்கு வெறும் வாயை மெல்லுவதே பொழுதுபோக்கு. அவல் கிடைத்தால் விடுவாரா?

"என்ன மெக்கானிக்கு, பூமாதேவி காதுல ஏதோ ரகசியம் சொன்னாளாமே?"

முத்திரையார் அறிக்கை வாசிக்கும் குரலில் பதில் அளித்தார்: "அங்க ஒலி எதுவும் இல்ல. இருபது தடவை சோதிச்சாச்சு. கோளாறு அவன் காதுல."

"போச்சுடா! முத்திரையாரே செல்லாதுன்னு குத்திட்டாரு. இனிமே அந்தக் காதைப் பழைய இரும்புக்குத்தான் போடணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனரும் சிரித்தார். அவர் சிரித்ததால், முத்திரையார் அந்தப் பேச்சைப் பெரிதாக நினைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மைத்துனர் வரவில்லை. கடையில் வேலை என்றார். அதற்கடுத்த வாரமும் வேலை. டிடெக்டர் முத்திரையார் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தது. தனியாகப் போக அவருக்கும் மனம் வரவில்லை.

விஷயம் முழுவதும் வெளிவந்தது ஒரு சனிக்கிழமைக் காலையில், சமையலறையில். மனைவி மேசைமேல் சிறிய மின்னணுத் தராசை வைத்து, தோட்டத்துப் பூ விதைகளைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தார்க்குக் கொடுக்க, பொட்டலத்துக்கு ஐந்து கிராம். முத்திரையார் எதிரில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி திங்கக்கிழமை பஸ் டிப்போவுல சேர்றானாம். ஸ்டோர் கீப்பரா" என்றாள்.

செய்தித்தாள் தாழ்ந்தது. "கடை?"

"பக்கத்து டயர் கடைக்காரருக்குக் குடுத்துடப் போறானாம். சாவியை நாளைக்குச் சாயங்காலம் குடுக்கறதாப் பேச்சு."

"ஏன்? நல்லாத்தானே ஓடிட்டிருந்தது?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? காது போயிட்டிருக்குன்னு நினைக்கறான். எங்க அப்பாவுக்கு அம்பத்தஞ்சுல போச்சே, கடைசி ஏழு வருஷம் சிலேட்டுல எழுதித்தானே பேசினோம். இவனுக்கு இப்ப அம்பத்துமூணு. முன்னெல்லாம் கேட்டதும் சொல்லுவான். இப்ப ஒரு எஞ்சின் சத்தத்தையும் நம்ப மாட்டேங்கறான். திறந்து பார்த்துத்தான் சொல்லுவேங்கறான். திறந்து மூடவே ரெண்டு நாள் ஆகுது. வர்றவங்க வேற கடைக்குப் போறாங்க."

"டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு."

"சொன்னேன். அவர் ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துட்டா அப்புறம் அழிக்க முடியாதாம். அதான் ஏற்கெனவே ஒருத்தர் சோதிச்சுச் சொல்லிட்டாரேங்கறான்."

யார் என்று முத்திரையார் கேட்கவில்லை. மனைவி விரல் நுனியால் விதைகளை எடுத்து, இரண்டு மூன்றாகத் தராசுத் தட்டில் உதிர்த்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் அவளுக்கு எரிச்சல் வந்தது.

"இந்தத் தராசுக்கும் என்ன கேடோ! இவ்வளவு போட்டாச்சு, இன்னும் பூஜ்யத்துலயே நிக்குது."

முத்திரையார் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், முப்பத்தொரு ஆண்டுப் பழக்கத்தில் சொன்னார்: "கொஞ்சம் கொஞ்சமா உதிர்த்தா அப்படித்தான். போடறதையெல்லாம் அது வெறும் தட்டோட சேர்த்துக்கும். பூஜ்யத்தையே நகர்த்திட்டுப் போயிடும். ஒரேயடியாப் போடு."

சொல்லி முடித்தவர், செய்தித்தாளை மடித்து வைத்தார்.

மின்னணுத் தராசுகள் தம் பூஜ்யத்தைத் தாமே திருத்திக்கொள்ளும். தட்டில் படியும் தூசி, அறையின் வெப்பம் இவற்றால் எடை பிசகாமல் இருப்பதற்காக வைத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் மிகச் சிறிய எடையை மிக மெதுவாகச் சேர்த்தால், அதையும் தூசி என்று எண்ணி விழுங்கிவிடும். இதைப் பற்றிக் கடைக்காரர்களுக்கு அவரே எச்சரிக்கைத் தாள்கள் அனுப்பியிருக்கிறார். அந்த டிடெக்டரின் தானியங்கிச் சமனும் அதே ஏற்பாடுதான். மண் எது என்று அது தொடர்ந்து கற்றுக்கொண்டே இருக்கிறது. ஆழத்தில் கிடக்கும் சிறு தங்கத்தின் மெல்லிய ஒலியை ஒரு முறை கடந்துபோனால் அது சொல்லிவிடும். அதே இடத்தின்மேல் இருபது முறை வீசினால், இதுவும் மண்ணின் குணம்தான் போலும் என்று எண்ணி, அந்த ஒலியைச் சமனில் கரைத்துவிடும்.

அவர் எழுந்து போய் டிடெக்டரின் கையேட்டைப் புரட்டினார். பதினேழாம் பக்கத்தில் அந்த எச்சரிக்கை இருந்தது: ஐயத்துக்குரிய ஒலி கேட்டால், மீண்டும் வீசும் முன் தானியங்கியை நிறுத்தி, சமனை நிலைநிறுத்துக. அதன் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. கோடு போட்டவர் அவரேதான். படித்து, கோடு போட்டு, தமக்கு இது தேவையில்லை என்று கடந்து போயிருக்கிறார்.

விசாரணையே சாட்சியைக் கொன்றிருக்கிறது. தீர விசாரித்ததனால் மெய் போய்விட்டது. அதனினும் கசப்பான ஒன்று: அந்தத் தீர்ப்பை அவர் கருவியின்மேல் எழுதவில்லை, ஒரு மனிதனின் காதின்மேல் எழுதினார்.

"சேலையை மாத்திக்கிட்டு வா. உன் தம்பி கடைக்குப் போகணும்" என்றார்.

பட்டறையில் மைத்துனர் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சுவரில் ஸ்பேனர்களின் வடிவம் மட்டும் எண்ணெய்க் கறைக்கு நடுவே வெளிறித் தெரிந்தது. முத்திரையார் ஒரு டயரின்மேல் உட்கார்ந்து, நடந்ததை வரிசையாகச் சொன்னார். தராசு, விதை, பதினேழாம் பக்கம், சிவப்புக் கோடு. எதையும் விடவில்லை.

"ஆகவே, தப்பு என்னோடது. நாளைக்குக் காலையில அந்த இடத்துக்குப் போவோம். கைச் சமன் வெச்சு, நிலைநிறுத்திக் கேட்போம்."

மைத்துனர் துடைத்த ஸ்பேனரையே மறுபடியும் துடைத்தார். "விடுங்க அத்தான். முடிஞ்சு போனது."

"முடியல. தப்பா நடந்த சோதனை சோதனையே இல்ல."

"போய்க் கேட்டு, அங்க ஒண்ணும் இல்லேன்னா?" மைத்துனரின் குரல் உயர்ந்தது. "இப்பவாவது ஒரு சந்தேகம்னு மிச்சம் இருக்கு. ராத்திரி படுத்தா, ஒருவேளை அன்னைக்கு இருந்திருக்குமோன்னு ஒரு நினைப்பு வருது. நாளைக்கு அதையும் பிடுங்கிக்கப் போறீங்களா?"

முத்திரையார் சோதித்த தராசுகள் எதுவும் சோதனைக்குப் பயந்ததில்லை, பயந்தவர்கள் கடைக்காரர்கள். அவர்கள் ஏன் பயந்தார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

மனைவிதான் வாய் திறந்தாள். "டேய் தம்பி, நீ வராட்டி நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டுப் போறேன். எனக்குக் கேட்டுச்சுன்னா குழாயடியில நின்னு, தங்கத்தைக் கண்டுபிடிச்சவ நான்தான்னு சொல்லிடுவேன். அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல."

"உனக்குப் போன் அடிச்சாலே கேக்காது."

"அது உங்க அத்தானுக்கு. எனக்கு எல்லாம் கேக்கும்."

மைத்துனர் சிரித்துவிட்டார். ஸ்பேனரைப் பெட்டியில் போடாமல் மேசைமேல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் மூவரும் ஓடைக்குள் இறங்கினார்கள். இடத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. பிளந்த பாறையின் கிழக்கு முனையிலிருந்து நான்கு மீட்டர் இருபது, காய்ந்த மரத்தின் அடியிலிருந்து இரண்டு மீட்டர் அறுபது என்று முத்திரையாரின் நோட்டில் இருந்தது. ஒன்றுமில்லாத இடத்தைக்கூட அளந்து எழுதிவைக்கும் மனிதர் அவர்.

அளவுகளை அவர் மைத்துனரிடம் சொல்லவில்லை. "எடம் எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன். நீயே கேட்டுக் கண்டுபிடி" என்றார். "பாறை பக்கத்துலன்னு ஞாபகம் இருக்கு அத்தான்." "ஞாபகத்தை விடு. காதை வை."

முதலில் சமன். பாறையிலிருந்து பத்தடி தள்ளி, அதே சிவந்த சரளையில் ஒரு சுத்தமான இடத்தைத் தேர்ந்தார்கள். முத்திரையார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். மைத்துனர் இரும்பு வைத்த செருப்பை விட்டு ரப்பர் செருப்பில் வந்திருந்தார். தானியங்கியை அணைத்தார்கள். முத்திரையார் தட்டை ஏற்றி இறக்க, மைத்துனர் ஹெட்போனோடு நின்று குமிழைத் திருகினார். ஏற்றும்போது முனகியது, இறக்கும்போது உறுமியது. சிறிது திருக, இரண்டும் நெருங்கின.

"சரியாப் பூஜ்யத்துல நிறுத்து" என்றார் முத்திரையார்.

"வேணாம் அத்தான். ஒரு இழை கூட இருக்கட்டும். தட்டு தரையை நெருங்கறப்ப ரீங்காரம் லேசா உசரணும். இந்த மாதிரி சின்னப் பொருளுக்கு அதுதான் நல்லது."

"பூஜ்யம் இல்லாத சமன் சமனா?"

"வண்டி ஐட்லிங்ல நிக்கறப்ப ஒரு துடிப்பு விட்டு வைப்போம்ல? அறவே அடக்கினா, மிதிச்சாலும் எழாது. அது மாதிரி."

முத்திரையாரின் விரல்கள் குமிழை நோக்கி நீண்டன. பிறகு தாமாகவே மடங்கின. மூன்று ஆண்டுகளில் முதல் முறையாக, சமன் எங்கே நிற்க வேண்டும் என்பதை மைத்துனர் தீர்மானித்தார்.

பின்பு சோதனை. மைத்துனர் தெற்கிலிருந்து வீசிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் தோள்கள் விறைத்தன. ஒரு குச்சியைக் கீழே போட்டார். முத்திரையார் குச்சி விழுந்த இடத்தை அளந்து எழுதி, எடுத்துவிட்டு, தரையைக் கையால் நிரவினார். மைத்துனரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, வேறு திசையிலிருந்து நடக்கச் செய்தார். "கண்ணாமூச்சி ஆடற வயசாய்யா இது?" என்று மனைவி நிழலிலிருந்து குரல் கொடுத்தாள். ஐந்து திசைகள், ஐந்து குச்சிகள். ஐந்தும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. நோட்டில் இருந்த பழைய அளவும் அந்த உள்ளங்கைக்குள்தான் இருந்தது.

மைத்துனர் ஹெட்போனைக் கழற்றினார். "நீங்க கேளுங்க அத்தான்" என்று நீட்டினார்.

முத்திரையார் மாட்டிக்கொண்டார். குச்சியின்மேல் தட்டை வீசினார். ரீங்காரம் கேட்டது. மறுபடி வீசினார். அதே ரீங்காரம், ஒரே சீராக. ஓசையைக் கூட்டச் சொன்னார், மைத்துனர் கூட்டினார். ரீங்காரம்தான் பெரிதாயிற்று.

"வருதா? மெல்லிசா, உச்சத்துல, கொசு மாதிரி?"

முத்திரையார் நான்காம் முறை வீசவில்லை. தானியங்கி அணைந்திருக்கிறது, கருவியைக் குறை சொல்ல வழியில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பும், இருபது வீச்சில் ஒலி கரைந்தது இருக்கட்டும், முதல் வீச்சிலேயே அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. அதை இப்போதுதான் நினைத்துப் பார்த்தார். அலாரம் அடித்தும் எழுவதில்லை, போன் அடித்தும் எடுப்பதில்லை என்று மனைவி எத்தனை நாளாகச் சொல்லிவருகிறாள்! அவளுடைய பொறுமையின்மை என்றல்லவா அதை அவர் கணக்கில் வைத்திருந்தார்.

"எனக்குக் கேக்கல" என்றார்.

மைத்துனர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். மைத்துனர் கருவியை மெல்ல வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "உக்காருங்க அத்தான். நான் தோண்டறேன்" என்றார்.

ஒரு சாணுக்கு மேல் நான்கு விரற்கடை ஆழத்தில், சரளைக்கு அடியில் வெளிறிய களிமண் தட்டுப்பட்டது. அதன் மடிப்பில், துவரம்பருப்பு அளவில், மழுங்கிய ஒரு மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது. மைத்துனர் அதைத் துடைத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவா அவ்வளவு கத்துச்சு?"

"கத்தலக்கா. முணுமுணுத்துச்சு" என்றார் மைத்துனர். முதுகைத் திருப்பிக்கொண்டு குழியை மூடினார்.

முத்திரையார் தம் இயல்புப்படி ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது. "மச்சான், இன்னைக்கு நிரூபணமானது இந்த ஒரு ஒலிதான். அம்பத்தஞ்சு வயசுல என்ன ஆகும்னு இதுல எழுதியிருக்கல."

"தெரியும் அத்தான். அப்ப அம்பத்தஞ்சு வரைக்கும் கடையைத் திறந்து வெச்சுப் பாக்கறேன்."

குழாயடியில் அன்று ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பேருந்து ஓட்டுநர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். முத்திரையார் எல்லாருக்கும் கேட்கும்படி நின்று, இரண்டு மாதங்களுக்கு முன் இதே இடத்தில் தாம் சொன்னது தவறு என்றும், தவறான சமனை வைத்துச் சோதித்ததாகவும், ஒலி இருந்தது என்றும், அதைக் கேட்ட காது சரியான காது என்றும், கேளாத காது தம்முடையது என்றும் வரிசையாக அறிவித்தார். யாரும் கேட்காமலே தானியங்கியின் அந்தக் குணத்தையும் விளக்கினார். இரண்டு பேர் தங்கள் கருவியை அவசரமாக எடுத்துக் குமிழைப் பார்த்தார்கள்.

ஓட்டுநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முத்திரையாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "குழாயை மூடுங்கப்பா, தண்ணி வீணாகுது" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை டயர் கடைக்காரருக்குச் சாவி போகவில்லை. திங்கட்கிழமை டிப்போவில் வேறொருவர் சேர்ந்தார்.

புதன்கிழமை, முத்திரையார் செவிப் பரிசோதனை நிலையத்தில், சுவரெங்கும் பஞ்சுத் தகடு ஒட்டிய ஒரு சிற்றறையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் கருவி முன் அமர்ந்திருந்தாள். அவருடைய காதுகளில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்திருந்தாள். ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும்.

முதலில் தாழ்ந்த ஒலிகள், தயக்கமின்றி அழுத்தினார். ஒலிகள் மேலே ஏறின, மெலிந்தன. ஓர் இடத்தில் ஏதோ கேட்டதுபோல் இருந்தது. கேட்கவில்லை போலவும் இருந்தது. உறுதி செய்துகொள்வதற்காகக் காத்திருந்தார். அது மறுபடி வரட்டும், பிறகு அழுத்தலாம் என்று பொத்தானின்மேல் கட்டைவிரலை வைத்தபடியே இருந்தார்.

ஹெட்போனில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "ஐயா, ரொம்ப யோசிக்கறீங்க. நிச்சயமாத் தெரியணும்னு இல்ல. சந்தேகமா இருந்தாலும் அழுத்திடுங்க."

"சந்தேகத்துக்கா?"

"ஆமாங்க. அதுவும் எங்களுக்குக் கணக்குதான்."

குரல் நின்றது. அறை மிகவும் அமைதியாக இருந்தது. வெகுதூரத்தில் ஏதோ ஒன்று இருந்தது, அல்லது இருப்பதுபோல் இருந்தது. முத்திரையார் கண்களை மூடிக்கொண்டு, பொத்தானை அழுத்தினார்.